வண்டி நிற்கும் நிலைதான் அளவு: உயர்த்திய ஜீப்பில் ஸ்வே பார் லிங்க்கைச் சரிசெய்யும் முறை

எங்கள் ஜீப் ரேங்லரை இரண்டரை அங்குலம் உயர்த்தி வீட்டுக்கு ஓட்டி வந்த அன்று, தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கும்போது இடது முன்சக்கரத்துக்கு மேலிருந்து "டக்" என்று ஒரு சத்தம் வந்தது. ஸ்பிரிங் புதிது, ஷாக் அப்சார்பர் புதிது. எல்லாவற்றையும் இறுக்கிவிட்டோம் என்று பட்டறையில் உறுதியாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மறுநாள் காலையில் விளக்கோடு கீழே படுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நட்டுகள் இறுக்கமாகத்தான் இருந்தன. ஆனால் வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்வே பார் என்ற தண்டை ஆக்ஸிலோடு இணைக்க, வண்டியோடு வந்த பழைய லிங்க்குகளையே திரும்ப மாட்டியிருந்தார்கள். வண்டி உயர்ந்துவிட்டது, லிங்க்கின் நீளம் அப்படியே இருந்தது. ஸ்வே பாரின் இரண்டு கைகளும் தரையை நோக்கிச் சாய்ந்து கிடந்தன. லிங்க்கின் மேல்முனைப் பந்து மூட்டு தன் எல்லைக்கே போய் முட்டிக்கொண்டு நின்றது.

இதைச் சரிசெய்ய நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய லிங்க்குகள் கிடைக்கின்றன. அவற்றை வாங்கினால் பெட்டிக்குள் ஒரு காகிதம் இருக்கும். இத்தனை அங்குலம் உயர்த்தினால் இத்தனை நீளம் என்று அதில் எண் போட்டிருப்பார்கள். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் அந்த எண்ணை அப்படியே வைத்து மாட்டிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். அந்த எண் தொடங்குவதற்கு மட்டுமே உதவும். உங்கள் வண்டி தன் முழு எடையோடு நான்கு சக்கரத்தில் நிற்கும்போது ஸ்வே பாரின் கை எந்த நிலையில் இருக்கிறதோ, அதுதான் உண்மையான அளவு. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒன்றைத்தான் சுற்றி வருகிறது.

நான் எடுத்துக்கொண்டிருப்பது 2007 முதல் 2018 வரை வந்த ரேங்லர் ஜேகே வகை. முன்னும் பின்னும் இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றை ஆக்ஸில், நான்கு மூலையிலும் காயில் ஸ்பிரிங். இதே அமைப்புள்ள மற்ற வண்டிகளுக்கும் முறை பொருந்தும். 2020இல் வந்த மஹிந்திரா தார் போல முன்சக்கரங்கள் தனித்தனியாக இயங்கும் வண்டிகளில் லிங்க்கின் கீழ்முனை வேறிடத்தில் மாட்டப்பட்டிருக்கும். அங்கே உயர்த்திய அளவும் லிங்க்கில் கூட்ட வேண்டிய அளவும் ஒன்றாக இருக்காது. பார்க்க வேண்டிய நிலை மட்டும் ஒன்றேதான்.

இந்தியாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. உயர்த்துவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்வே பார் என்ன செய்கிறது

தமிழ் எழுத்து "ப"வைத் தரைக்கு இணையாகப் படுக்க வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்வே பாரின் வடிவம் அதுதான். ஸ்டெபிலைசர் பார் என்றும் இதைச் சொல்வார்கள். "ப"வின் நீண்ட நடுக்கோடு வண்டியின் குறுக்கே ஓடுகிறது. இரண்டு ரப்பர் புஷ்கள் அதைச் சேசிஸோடு பிடித்துக்கொண்டிருக்கின்றன. இரண்டு கைகளின் நுனியிலிருந்தும் ஒவ்வொரு லிங்க் கீழிறங்கி ஆக்ஸிலோடு சேர்கிறது.

இரண்டு முன்சக்கரங்களும் ஒரே நேரத்தில் வேகத்தடை ஏறினால் இரண்டு கைகளும் சேர்ந்தே உயரும். நடுத்தண்டு புஷ்ஷுக்குள் சும்மா உருளும், அவ்வளவுதான். வளைவில் திரும்பும்போது கதை வேறு. உடல் ஒரு பக்கம் சாய, ஒரு லிங்க் கையை மேலே தள்ளுகிறது, மற்றது கீழே இழுக்கிறது. தண்டு முறுகுகிறது. முறுகிய எஃகு தன் பழைய நிலைக்குத் திரும்பப் பார்ப்பதால் உடல் சாய்வது குறைகிறது. உயர்த்திய வண்டியின் எடை மையமும் உயர்ந்திருப்பதால் நெடுஞ்சாலையில் இதன் தேவை முன்னைவிடக் கூடுதல்தான். "காட்டுப் பாதைக்குத்தானே வண்டி, ஸ்வே பாரைக் கழற்றி வீசிவிடலாம்" என்று சிலர் சொல்வதை நான் ஒருபோதும் ஏற்றுக்கொள்வதில்லை. காட்டுப் பாதையை அடைவதற்கு முன் நூறு கிலோமீட்டர் தார்ச்சாலையைக் கடக்க வேண்டும், குடும்பமும் அதே வண்டியில்தான் உட்கார்ந்திருக்கிறது.

வண்டியை உயர்த்தும்போது சேசிஸ் மேலே போகிறது, ஆக்ஸில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பழைய லிங்க் கையின் நுனியைக் கீழே பிடித்து இழுத்தபடி நிற்கிறது. சாலையில் இது மந்தமான ஸ்வே பாராகவும் சத்தமாகவும் வெளிப்படும். பாறையில் இது ஆபத்து. ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது, ஏற்கெனவே கீழே சாய்ந்த கை இன்னும் இறங்கி, லிங்க்கும் கையும் ஒரே நேர்கோட்டுக்கு வந்துவிடலாம். அந்தக் கணத்தில் சக்கரம் மேலே வந்தால் கை எந்தப் பக்கம் மடங்குவது என்று தெரியாமல் தவறான பக்கம் புரண்டுவிடும். புரண்ட ஸ்வே பார் பிரேக் குழாயையோ டயரையோ போய்த் தொடும், லிங்க்கே வளைந்தும் போகும்.

நீளம் கூடினாலும் தொல்லைதான். கை மேல்நோக்கி நிற்கும், சக்கரம் முழுதும் மேலேறும்போது நுனி சேசிஸிலோ அருகிலுள்ள பாகத்திலோ போய் இடிக்கும்.

லிங்க் கடைசி வேலை

வரிசை முக்கியம். ஸ்பிரிங், ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் டிராக் பார், முன்பின்னாக நகராமல் பிடிக்கும் கன்ட்ரோல் ஆர்ம் எல்லாம் முடிந்து, ஆக்ஸில் தன் இடத்தில் நின்ற பிறகே லிங்க்கைத் தொட வேண்டும்.

காரணம் எளிது. ஜேகேயின் முன் டிராக் பார் ஒரு முனையில் சேசிஸையும் மறுமுனையில் ஆக்ஸிலையும் பிடித்துக்கொண்டு குறுக்கே கிடக்கிறது. வண்டி உயரும்போது அது கூடுதலாகச் சாய்கிறது, அதன் வீச்சு சுருங்குகிறது, ஆக்ஸிலைச் சேசிஸில் மாட்டிய முனையின் பக்கம் இழுத்துவிடுகிறது. பின் ஆக்ஸிலும் இப்படியே பக்கவாட்டில் நகர்கிறது. அதே சமயம் கன்ட்ரோல் ஆர்ம்கள் வட்டவில்லாக இறங்குவதால் முன் ஆக்ஸில் கொஞ்சம் பின்னாலும் நகர்கிறது. இதையெல்லாம் திருத்தாமல் லிங்க்கை மட்டும் நீட்டினால், முன்னாலிருந்து பார்த்தாலும் பக்கத்திலிருந்து பார்த்தாலும் லிங்க் சாய்ந்தே நிற்கும். ஆக்ஸிலைப் பின்னர் நடுவுக்குக் கொண்டுவந்தால் இன்று எடுத்த அளவு வீணாகிவிடும்.

எடையும் அப்படித்தான். இரும்பு பம்பரும், சிக்கிய வண்டியை இழுத்து மீட்கும் வின்ச்சும் அடுத்த மாதம் வருவதாக இருந்தால் அதுவரை பொறுங்கள், அல்லது அவை வந்த பிறகு மறுபடி அளக்கத் தயாராக இருங்கள். புதிய ஸ்பிரிங்கும் முதல் சில நூறு கிலோமீட்டரில் சற்று அமரும்.

கையில் இருக்க வேண்டியவை

18 மி.மீ. ஸ்பேனரும் சாக்கெட்டும் ஜேகேயின் லிங்க் நட்டுகளுக்குப் பெரும்பாலும் போதும். புதிய லிங்க்கின் நட்டு அளவு வேறாக இருக்கலாம். ஆலன் கீ செட், இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச், லிங்க்கின் நீளம் மாறாமல் பூட்டும் லாக் நட்டுக்கு இரண்டு பெரிய ஸ்பேனர், துருவுக்கு ஊடுருவும் எண்ணெய், அளவு நாடா, வெள்ளைப் பெயின்ட் பேனா, சக்கரத்துக்கு வைக்க முட்டுக்கட்டைகள், இரண்டு ஜாக் ஸ்டாண்ட். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டமும் தூக்குக்குண்டும் இருந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. கண்ணாடி அணியாமல் வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். துரு நேராகக் கண்ணில்தான் விழும்.

தரையும் நிலையும்

சமதளத்தைத் தேடிப் பிடிப்பதுதான் இந்த வேலையின் முதல் படி. வீட்டு முன்புறம் மழைநீர் ஓடுவதற்காகச் சரிவாகவே கட்டப்பட்டிருக்கும். நீளமான ஒரு பலகையை முன்சக்கரங்களுக்கு நடுவே தரையில் போட்டு அதன்மேல் ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். குமிழ் நடுவில் நிற்கவில்லை என்றால் வேறு இடத்துக்குப் போங்கள். எனக்கு வாய்த்தது அருகிலிருந்த கிடங்கு ஒன்றின் சிமென்ட் தளம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அனுமதி கேட்டுப் பயன்படுத்திக்கொண்டேன்.

நான்கு டயரிலும் நீங்கள் சாலையில் வைக்கும் காற்றழுத்தம் இருக்கட்டும், இடமும் வலமும் சமமாக. வழக்கமாக வண்டியில் கிடக்கும் கருவிப்பெட்டி, ஸ்டெப்னி எல்லாம் அதனதன் இடத்தில். எரிபொருள் பாதித் தொட்டி அளவு. ஸ்டீயரிங் நேராக. பிறகு வண்டியை ஒரு வண்டி நீளத்துக்கு முன்னும் பின்னும் உருட்டி நிறுத்துங்கள். ஜாக்கியிலிருந்து இறக்கிய வண்டி உடனே தன் நிலைக்கு வராது, உருட்டினால்தான் ஸ்பிரிங் தன் இயல்பான உயரத்துக்கு வரும். பம்பரில் கை வைத்து நாலைந்து முறை அழுத்தி விடுங்கள். பின்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை. கை பிரேக்.

முதல் அளவை இப்போது எடுக்க வேண்டும். சக்கர மையத்திலிருந்து மட்கார்டின் கீழ்விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். உயர்த்துவதற்கு முன் இதே அளவை எடுத்து வைத்திருந்தால் நல்லது. இரண்டரை அங்குலம் என்பது 63.5 மி.மீ. எங்கள் வண்டியில் முன்பக்கம் உண்மையாக உயர்ந்தது 52 மி.மீ.தான், மீதியை வின்ச்சின் எடை தின்றுவிட்டது. பெட்டிக் காகிதத்தை நம்பியிருந்தால் லிங்க் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் நீண்டுபோயிருக்கும்.

ஒற்றை ஆக்ஸில் வண்டியில் கணக்கு நேரானது: பழைய லிங்க்கின் நீளத்தோடு உண்மையாக உயர்ந்த அளவைக் கூட்டினால் தொடக்க நீளம் கிடைக்கும். நீளம் என்றால் மேல் மூட்டின் மையத்திலிருந்து கீழ் மூட்டின் மையம் வரை. வெளி விளிம்புகளை அளக்காதீர்கள்.

பழையதைக் கழற்றுதல்

ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி வைத்துக்கொண்டு லிங்க்கைக் கழற்றவே கூடாது. அப்போது ஸ்வே பார் முறுகிய நிலையில் இருக்கும். கடைசி மரையிலிருந்து நட்டு விடுபட்டதும் கை சாட்டை போல வீசும். நான்கு சக்கரமும் சமதளத்தில் இருந்தால் தண்டில் முறுக்கே இருக்காது. உயர்த்திய வண்டியில் அடியில் நுழைய இடமும் தாராளமாக இருக்கிறது, ஜாக்கியே வேண்டாம்.

முதல் நாள் இரவே எண்ணெய் தெளித்து வைத்துவிடுங்கள். மேல்முனை நட்டைத் திருப்பும்போது பந்து மூட்டின் தண்டும் சேர்ந்து சுழலும். தண்டின் நுனியில் ஆலன் கீ நுழையும் குழி இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஸ்பேனரால் நட்டைத் திருப்புங்கள். குழிக்குள் அடைந்த மண்ணை ஊசியால் சுரண்டிச் சுத்தம் செய்த பிறகே கீயை நுழைக்க வேண்டும். மண்ணோடு நுழைத்தால் குழி மழுங்கி, பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். கீழ்முனை போல்ட்டு எளிதாக வரும். இரண்டு பக்கமும் கழன்ற பிறகு ஸ்வே பாரைக் கையால் ஏற்றி இறக்கிப் பாருங்கள். நடுப் புஷ்ஷில் அது தடையில்லாமல் உருள வேண்டும். எங்காவது பிடித்தால் அந்தப் புஷ்ஷைக் கவனித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

கையைக் கிடைமட்டமாக நிறுத்துதல்

வேலையின் இதயம் இங்கேதான் இருக்கிறது. நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

லிங்க் இல்லாத ஸ்வே பாரைக் கயிற்றால் கட்டி, கை தரைக்கு இணையாக வரும்படி நிறுத்துங்கள். இணை என்பதில் ஒரு கண்மாயம் இருக்கிறது. கை நேரான கம்பி இல்லை, வழியில் வளைந்து நெளிந்துதான் நுனிக்கு வருகிறது. கம்பியின் மேற்பரப்பில் ரசமட்டத்தை வைத்தால் அது பொய் சொல்லும். பார்க்க வேண்டியது கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு: ஸ்வே பார் சுழலும் புஷ்ஷின் மையத்திலிருந்து, நுனியில் லிங்க் மாட்டும் துளையின் மையம் வரை. தரையிலிருந்து புஷ் மையத்தின் உயரத்தை அளந்து பாருங்கள். தரையிலிருந்து துளை மையத்தின் உயரத்தை அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் கை கிடைமட்டம்.

எவ்வளவு பிசகு தாங்கும்? கையின் நீளம் 250 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், நுனி 25 மி.மீ. ஏறியோ இறங்கியோ இருந்தால் கிட்டத்தட்ட 6 டிகிரி சாய்வு. நான் அதில் பாதிக்குள் நிறுத்தப் பார்ப்பேன். முழுத் துல்லியம் வராவிட்டால் நுனி சற்று மேலே இருப்பது, கீழே இருப்பதைவிட நல்லது. உயர்த்திய வண்டியில் சக்கரம் கீழே தொங்கும் தூரம் பெரியது, நேர்கோட்டுக்கு வந்து புரளும் ஆபத்து அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

இப்போது நுனியின் துளை மையத்திலிருந்து தூக்குக்குண்டை இறக்குங்கள். நூல் ஆக்ஸிலில் உள்ள கீழ்த் துளையை ஒட்டி இறங்க வேண்டும். ஓரிரு விரல் அகலம் விலகினால் கவலையில்லை. அதற்கு மேல் விலகினால் ஆக்ஸில் இன்னும் தன் இடத்துக்கு வரவில்லை என்று பொருள், டிராக் பாருக்குத் திரும்பிப் போங்கள். லிங்க் செங்குத்தாக, கையோடு செங்கோணத்தில் நின்றால்தான் ஸ்வே பார் தன் முழு வலிமையையும் காட்டும்.

இரண்டு துளை மையங்களுக்கும் இடையே அளந்தால் உங்கள் வண்டிக்கான நீளம் வந்துவிட்டது. காகிதத்து எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்களுக்கு 9 மி.மீ. வித்தியாசம்.

லிங்க்கை அந்த நீளத்துக்குக் கொண்டுவருதல்

பெரும்பாலான லிங்க்குகளில் ஒரு முனை வலது மரை, மறுமுனை இடது மரை. நடுக்குழாயைத் திருப்பினால் இரண்டு முனையும் சேர்ந்து வெளியே வரும் அல்லது உள்ளே போகும். அங்குலத்துக்கு 20 மரை உள்ள அரை அங்குலத் தண்டாக இருந்தால் ஒரு முழுச் சுற்றுக்கு 2.54 மி.மீ. நீளம் மாறும். 12 மி.மீ. தண்டில் 1.75 மி.மீ. மரை இடைவெளி இருந்தால் 3.5 மி.மீ. மாறும். ஒரு முனையில் மட்டும் மரை உள்ள லிங்க்கில் இதில் பாதி. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் தடவித் தடவி அளக்க வேண்டியதில்லை.

நீளத்துக்காக மரையைத் தியாகம் செய்யாதீர்கள். தண்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது குழாய்க்குள் இருக்க வேண்டும். 12 மி.மீ. தண்டென்றால் 18 மி.மீ. உள்ளே வேண்டும். குழாய்க்குள் போன பிறகு எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால் மாட்டும் முன்பே தண்டை வெளியே எடுத்து, அதன் நுனியிலிருந்து 18 மி.மீ. தள்ளி பெயின்ட் பேனாவால் ஒரு வளையம் போட்டுவிடுங்கள். லிங்க் முழு நீளத்துக்கு வந்த பிறகு அந்த வெள்ளை வளையம் வெளியே தெரிந்தால், லிங்க் உங்கள் வண்டிக்குக் குட்டை. அடுத்த அளவு லிங்க்கை வாங்குங்கள். இரண்டு முனையும் ஏறக்குறைய ஒரே அளவு வெளியே வந்திருக்கட்டும். மரையில் துருத்தடுப்புக் கிரீஸ் கொஞ்சம் தடவினால் அடுத்த ஆண்டு கழற்றும்போது உங்கள் கைகளுக்கு நல்லது.

மாட்டுதல், முதல் பக்கமும் இரண்டாவது பக்கமும்

முதல் பக்கம் எளிது. கீழ்முனையை ஆக்ஸிலிலும் மேல்முனையை ஸ்வே பாரிலும் மாட்டி, நட்டுகளைக் கையால் பிடிக்கும் அளவுக்கு மட்டும் ஓட்டிவிடுங்கள். முழுதும் இறுக்காதீர்கள்.

இரண்டாவது பக்கத்தில்தான் பலர் வழி தவறுகிறார்கள். முதல் லிங்க்கின் நீளத்தையே இதற்கும் வைத்து, துளை பொருந்தவில்லை என்றால் கடப்பாரையால் நெம்பி போல்ட்டை அடித்து ஏற்றுகிறார்கள். அப்படி ஏற்றிய வினாடியிலிருந்து ஸ்வே பார் நிரந்தரமாக முறுகியே இருக்கும். இடப்பக்கம் திரும்பினால் ஒரு மாதிரியும் வலப்பக்கம் திரும்பினால் வேறு மாதிரியும் வண்டி நடந்துகொள்ளும்.

இரண்டாவது லிங்க்கின் நீளத்தை அந்தப் பக்கத்துத் துளைதான் சொல்ல வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்கார வைத்துவிட்டு, கீழ்முனையை மாட்டி, மேல்முனைத் தண்டை ஸ்வே பாரின் துளைக்கு நேரே கொண்டுவாருங்கள். நடுக்குழாயைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்புங்கள். ஒரு கட்டத்தில் தண்டு விரலால் தள்ளியதுமே துளைக்குள் வழுக்கிக்கொண்டு போகும். அந்த உணர்வை ஒருமுறை விரல் அறிந்துவிட்டால் மறக்காது. சுத்தியலைத் தேட வேண்டியிருந்தால் நீளம் இன்னும் சரியாகவில்லை.

இரண்டு பக்கமும் மூன்று நான்கு மி.மீ. வேறுபட்டால் அஞ்ச வேண்டாம். எந்த வண்டியின் இரண்டு பக்கமும் முழுச் சமமாக நிற்பதில்லை. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போனால் ஸ்பிரிங் தன் இருக்கையில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, தரை உண்மையிலேயே சமதளமா என்று பாருங்கள். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதை லிங்க்கை நீட்டி நிமிர்த்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சாய்வு ஸ்பிரிங்கின் பிரச்சினை. லிங்க்கால் அதை மறைத்தால் பாதையில் ஸ்வே பாரைக் கழற்றும் நாளில் வண்டி மறுபடி சாய்ந்து நிற்கும், கழற்றிய லிங்க் திரும்ப மாட்டவும் வராது.

இறுக்குதல்

வண்டி இன்னும் தன் சக்கரங்களில்தான் நிற்கிறது. அப்படியே இறுக்க வேண்டும். ரப்பர் புஷ் உள்ள முனையை, ஆக்ஸில் தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடிபட்டுவிடும். வண்டி கீழே இறங்கியதும் அது முறுகி, சில மாதத்தில் கிழியும். லிங்க் தயாரிப்பாளரும் வண்டியின் சர்வீஸ் புத்தகமும் சொல்லும் டார்க் அளவைப் பின்பற்றுங்கள். போல்ட்டின் பருமனுக்கும் மூட்டின் வகைக்கும் ஏற்ப அது மாறும், ஒருவர் வண்டியின் எண்ணை இன்னொருவர் வண்டிக்குப் பயன்படுத்தக் கூடாது.

கடைசியாக லாக் நட்டுகள். ஒரு ஸ்பேனரால் நடுக்குழாயை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றதால் லாக் நட்டைக் குழாயோடு சேர்த்து இறுக்குங்கள். இடது மரைப் பக்கத்து நட்டு எதிர்த் திசையில் இறுகும் என்பதை மறக்க வேண்டாம். கழன்றுபோவதில் முதலிடம் இந்த லாக் நட்டுகளுக்குத்தான். மரையில் கிரீஸ் தடவவில்லை என்றால் நீல நிற மரைப் பசை ஒரு சொட்டு வைக்கலாம்.

இறுக்கியதும் லிங்க்கின் நடுவைப் பிடித்து, அதன் நீளவாக்கில் இடமும் வலமும் முறுக்கிப் பாருங்கள். பந்து மூட்டு உள்ள லிங்க் ஒரு சிறு அசைவைக் காட்ட வேண்டும், இரண்டு திசையிலும் ஒரே அளவு. அசையவே இல்லை என்றால் மேல் மூட்டும் கீழ் மூட்டும் ஒன்றுக்கொன்று கோணலாக நின்று ஒன்று முட்டிக்கொண்டிருக்கிறது. லாக் நட்டைத் தளர்த்தி, மூட்டை நடு நிலைக்குத் திருப்பி, மறுபடி இறுக்குங்கள். எங்கள் வண்டியில் லிங்க் மாற்றிய பிறகும் ஒரு வாரம் சத்தம் நீடித்தது. காரணம் இதுதான்.

தொங்கவிட்டும் ஏற்றியும் பார்த்தல்

நின்ற நிலையில் சரியாக இருப்பது பாதி. வண்டியின் சேசிஸை இரண்டு பக்கமும் ஜாக் ஸ்டாண்டில் தாங்கி, முன்சக்கரங்களை முழுதும் தொங்க விடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. கையும் லிங்க்கும் சந்திக்கும் இடத்தில் தெளிவான மடிப்பு தெரிய வேண்டும். நேர்கோட்டுக்கு அருகே வந்திருந்தால் லிங்க் இன்னும் நீள வேண்டும், அல்லது சக்கரம் அவ்வளவு கீழே போகாதபடி ஷாக் அப்சார்பரின் நீளத்தைப் பார்க்க வேண்டும். பிரேக் குழாயும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடுகின்றனவா என்பதையும் இப்போதே பாருங்கள்.

மேலேறும் பக்கத்துக்கு, ஒரு முன்சக்கரத்தைச் சரிவுப் பலகையிலோ உறுதியான பாறையிலோ மெதுவாக ஏற்றுங்கள், ஒருவர் வெளியே நின்று வழிகாட்டட்டும். ஸ்வே பாரின் நுனி எதையெல்லாம் தொடக்கூடும் என்று தோன்றுகிறதோ, அங்கெல்லாம் பிள்ளைகள் விளையாடும் மெழுகுக் களிமண்ணை உருட்டி ஒட்டி வையுங்கள். இறக்கிய பிறகு களிமண்ணில் பள்ளம் விழுந்திருந்தால் அங்கே இடிக்கிறது. ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுதாக ஒடித்தும் இதைச் செய்ய வேண்டும். பெரிய டயர் லிங்க்கின் கீழ்முனையை உரசுவது அப்போதுதான் தெரியும்.

பின்பக்கத்துக்கும் இதே முறைதான். ஜேகேயில் முன் லிங்க்கைவிடப் பின் லிங்க் குட்டை. அதனால் முன்பக்கத்திலிருந்து கழற்றிய பழைய லிங்க்குகளைப் பின்பக்கம் மாட்டிக்கொள்வது இரண்டரை, மூன்று அங்குல உயர்வுக்குப் பலரும் செய்யும் சிக்கனம். கை கிடைமட்டத்துக்கு வருகிறதா என்று அளந்து பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

கழற்றி மாட்டும் வகை லிங்க்

கலிஃபோர்னியாவின் ரூபிகான் பாதை போன்ற பாறை வழிகளில் ஸ்வே பாரை முன்பக்கம் விடுவித்துக்கொண்டு போவார்கள். சக்கரங்கள் தரையை விடாமல் தழுவிச் செல்லும், வண்டிக்குள் குலுக்கலும் குறையும். ரேங்லர் ரூபிகான் வகையில் இதை ஒரு பொத்தானே செய்கிறது, மணிக்கு 29 கி.மீ. அளவைத் தாண்டினால் தானாகவே மீண்டும் சேர்த்துக்கொள்கிறது. மற்ற வண்டிகளில் ஊசியை இழுத்தால் கழலும் லிங்க்குகளை மாட்டிக்கொள்ளலாம்.

அப்படி மாட்டியவர்களுக்கு, மேலே சொன்ன விரலால் நுழையும் அளவு இரட்டிப்பாகப் பயன்படும். பாதை முடிவில் களைத்துப்போய், சேற்றில் மண்டியிட்டு ஊசியைச் செருகும்போது அது உடனே நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் வண்டி சமதளத்தில் இல்லை என்று பொருள், ஓரிரு அடி உருட்டிப் பாருங்கள். கழற்றிய நிலையில் ஸ்வே பாரின் கைகளை மேலே தூக்கி, அதற்கென வரும் கொக்கியிலோ வாரிலோ கட்டிவிட வேண்டும், தொங்கவிட்டால் டயரில் சிக்கும். ஊசியைச் செருகாமல் நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள்.

திரும்பப் பார்த்தல்

இறுக்கி முடித்ததும் ஒவ்வொரு நட்டின் மேலும், அது உட்கார்ந்திருக்கும் உலோகத்தின் மேலும் சேர்த்து, வெள்ளைப் பெயின்ட் பேனாவால் ஒரே கோடாக இழுத்துவிடுங்கள். கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்துவிட்டது. நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை, எண்ணூறு கிலோமீட்டரில் ஒருமுறை, பிறகு ஒவ்வொரு காட்டுப் பயணத்துக்குப் பின்னும் டார்ச் விளக்கோடு குனிந்து அந்த எட்டு மூட்டுகளின் கோடுகளையும் லாக் நட்டுகளின் கோடுகளையும் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. ஸ்பிரிங் அமர்ந்திருந்தால் முதல் எண்ணூறு கிலோமீட்டரில் கையின் நுனி சற்று மேலேறியிருக்கும். புஷ் மையத்தையும் துளை மையத்தையும் தரையிலிருந்து மறுபடி அளந்து, வேண்டுமானால் குழாயை ஒரு சுற்று உள்ளே திருப்பிக்கொள்ளுங்கள். எங்கள் வண்டியில் இடப்பக்கம் ஒன்றரைச் சுற்றும் வலப்பக்கம் ஒரு சுற்றும் தேவைப்பட்டன.